நாலரை வயதுடன் நடுக்கடலில்

லட்சத்தீவுக்கு ஐந்து நாள் கப்பல் பயணம். பெரியவர்கள் போட்ட திட்டத்தில் பாதி கொச்சியிலேயே இறங்கிக்கொண்டது. மீதியைக் குழந்தை தன் இஷ்டப்படி நடத்தினாள்.

கப்பலின் பக்கவாட்டில் இரும்புக் கதவு ஒன்று திறந்திருக்கிறது. வெளியே துறைமேடை கிடையாது, பாலம் கிடையாது. ஆடிக்கொண்டிருக்கும் ஒரு மோட்டார் படகு மட்டும். ஒரு நொடி அதன் விளிம்பு நம் கால் மட்டத்துக்கு ஏறி வருகிறது. அடுத்த நொடி இடுப்பளவு பள்ளத்துக்கு இறங்கிவிடுகிறது. அந்த இடைவெளியில் அரபிக் கடல் தெரிகிறது. சுற்றுலாப் படங்களில் வருவதுபோல நீலமாக அல்ல, கறுப்பாக.

எங்கள் முறை வந்தபோது நாலரை வயது மகள் என் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். "நான் வரல. நீங்கல்லாம் போயிட்டு வாங்க. நான் பாட்டிகூட இருக்கேன்."

பாட்டியும் அதே வரிசையில்தான், எங்களுக்குப் பின்னால், கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தபடி நின்றிருந்தார்.

படகில் இருந்தவர் அவசரப்படவில்லை. கைகளை நீட்டியபடி முதல் அலையை விட்டார். இரண்டாவதையும் விட்டார். மூன்றாவது அலை படகைத் தூக்கி வந்த கணத்தில், பலாச்சுளையை எடுப்பதுபோல குழந்தையை என் கழுத்திலிருந்து எடுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். அழத் திறந்த வாய் அப்படியே நின்றது. பிறகு அந்த வாயிலிருந்து வந்த கேள்வி: "இன்னொரு தடவை?"

படகே சிரித்தது. கண்ணை மூடியிருந்த என் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அடுத்தது அவர் முறை.

இது நடந்தது 2019 ஜனவரியில். பெங்களூரில் குடியிருக்கும் எங்களுக்கு அலுவலக நண்பர் ஒருவர் முதலில் காட்டியது சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பல் ஒன்றின் வண்ணப் புத்தகம். நீச்சல்குளம், சறுக்குமரம், சினிமா, குழந்தைகளுக்கென்று தனி கிளப். குழந்தையை அங்கே விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்றார் நண்பர். இந்த வகைக் கப்பல்கள் பின்னர் இன்னும் பெரிதாகிவிட்டன. 2024 ஜனவரியில் மியாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பிய ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் தண்ணீர்ச் சறுக்குகள் மட்டும் ஆறு. நம் நாட்டிலும் 2021இல் மும்பையிலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் உல்லாசக் கப்பல் ஓடத் தொடங்கியது.

ஆனால் சின்னக் குழந்தையோடு போகிறவர்கள் வண்ணப் புத்தகத்தின் பொடி எழுத்துகளையும் படிக்க வேண்டும். ஆறு மாதம் நிறையாத கைக்குழந்தையைப் பல நிறுவனங்கள் ஏற்றிக்கொள்வதில்லை. குழந்தைகள் கிளப்பில் சேர பொதுவாக மூன்று வயது முடிந்திருக்க வேண்டும், கழிவறைக்குத் தானே போகத் தெரிந்திருக்க வேண்டும். டயபர் கட்டிய பிள்ளையைப் பெரிய நீச்சல்குளத்தில் இறங்க விடமாட்டார்கள்.

எங்கள் பிரச்சினை இவ்வளவு நுட்பமானதல்ல. என் அம்மாவிடம் பாஸ்போர்ட் இல்லை. அவரை விட்டுவிட்டுப் போக மகள் சம்மதிக்கவில்லை. ஆகவே லட்சத்தீவு.

லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலாப் பிரிவு 'சமுத்திரம்' என்ற பெயரில் ஒரு பயணத்தை நடத்திவந்தது. கொச்சியில் ஏறி, எம்.வி. கவரத்தி என்ற கப்பலில் கல்பேனி, மினிக்காய், கவரத்தி ஆகிய மூன்று தீவுகளுக்குப் போகலாம். பகலெல்லாம் தீவில், இரவில் கப்பலில் தூக்கம். விசாகப்பட்டினத்தின் இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி 2008இல் வேலைக்கு வந்த கப்பல் அது. சுமார் 700 பேர் போகலாம். சறுக்குமரம் இல்லை, கிளப் இல்லை. தீவுவாசிகளுக்கு அதுதான் டவுன் பஸ். வெளியாட்கள் தீவுகளில் கால்வைக்க முன்அனுமதி வேண்டும். அதைப் பயண ஏற்பாட்டாளர்களே வாங்கித் தந்தார்கள்.

குழந்தையின் சந்தோஷம் பெங்களூர் ரயில் நிலையத்திலேயே ஆரம்பித்தது. நாங்கள் ஏறிய கன்னியாகுமரி வண்டிக்கு ஐலண்ட் எக்ஸ்பிரஸ் என்று பெயர். கன்னியாகுமரி தீவல்லவே என்று கேட்பவர்களுக்கு: இந்த வண்டி ஒருகாலத்தில் கொச்சி துறைமுகத்தில் உள்ள வெலிங்டன் தீவு வரைக்கும் ஓடியது. 1920களிலும் 30களிலும் துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டி மனிதர்கள் உண்டாக்கிய தீவு. ரயில் அங்கே போவது நின்றுவிட்டது, பெயர் நிற்கவில்லை. எங்கள் கப்பல் அந்தத் தீவிலிருந்துதான் கிளம்பியது.

துறையில் நின்று அண்ணாந்து பார்த்த மகள் கேட்ட முதல் கேள்வி, "கப்பலுக்கு டயர் உண்டா?" சக்கரம் கிடையாது, ஆகையால் டயரும் கிடையாது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் விரலை நீட்டினாள். இடிபடாமல் இருக்க துறைச் சுவரில் வரிசையாக லாரி டயர்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். அத்துடன் என் ஆசிரியர் பதவி பறிபோனது.

என் மனைவி ஓர் அட்டவணை தயாரித்திருந்தாள். காலை 10 மணிக்கு ஓவியம், 11 மணிக்குக் கதை, மாலையில் சொல் விளையாட்டு. அதற்கென்று வண்ணப் பென்சில், புதிர்ப் படங்கள், இரண்டு பொம்மைகள், நான்கு புத்தகங்கள். இவற்றில் வண்ணப் பென்சிலும் ஒரு நோட்டும் தவிர வேறெதுவும் பையிலிருந்து வெளியே வரவில்லை. கப்பலே பொம்மை. சுவரில் ஒட்டியிருந்த மாடிப் படத்தில் எங்கள் அறையைத் தேடுவது, உயிர்காப்புப் படகுகளை எண்ணுவது, கனமான கதவுகளின் உயர்ந்த வாசற்படியை இரண்டு காலாலும் தாண்டுவது, வட்டச் சன்னலில் மூக்கை வைத்து அழுத்துவது. ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குத் தாங்கும்.

பெரியவர்கள் அலட்சியமாகக் கேட்கிற பாதுகாப்பு விளக்கம் அவளுக்கு நாடகமாகப் பட்டது. கப்பலில் ஆபத்து என்றால் ஏழு குட்டைச் சங்கொலி, பிறகு ஒரு நீண்ட ஒலி. உலகம் முழுவதும் இதுதான் அடையாளம். ஐந்து நாட்களும் எங்கள் அறையில் 'பூம் பூம்' என்று ஏழு தடவையும் 'பூ...ம்' என்று ஒரு தடவையும் கேட்டபடி இருந்தது. குழந்தையின் அளவுக்கேற்ற லைஃப் ஜாக்கெட்டை முதல் நாளே கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தோம். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பயணிகளின் எண்ணிக்கையில் குறைந்தது 10 சதவீதம் குழந்தைகளுக்கான ஜாக்கெட்டுகள் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி.

இரவில் கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. எல்.கே.ஜி.யில் ஓர் ஆண்டாகக் குழம்பிய இடது வலது அன்று ஒரே இரவில் தெளிந்துவிட்டது. நாங்கள் விதித்த கட்டுப்பாடு ஒன்றே ஒன்று. திறந்த மேல்தளத்தில் பெரியவர் கையை விடக்கூடாது, கம்பியில் ஏறக்கூடாது. பத்து விதி போட்டால் ஒன்றையும் கேட்க மாட்டார்கள். ஒன்று மட்டும் போட்டால் அதை நமக்கே ஞாபகப்படுத்துவார்கள்.

கொச்சியின் கரை மறைந்த இரண்டு மணி நேரத்தில் கடல் தன் வேலையைக் காட்டியது. கண் பார்ப்பதும் காது உணர்வதும் ஒத்துப்போகாதபோது வருவதுதான் கடல் குமட்டல். அறைக்குள் இருக்கும் கண் 'எதுவும் அசையவில்லை' என்கிறது. உட்காது 'அசைகிறோம்' என்கிறது. இரண்டு வயதுக்குக் கீழே இது அபூர்வம். அதற்குப் பிறகு, பன்னிரண்டு வயது வரை, குழந்தைகளைத்தான் அதிகம் படுத்தும். டாக்டரிடம் முன்பே கேட்டு மருந்து வைத்திருந்தோம். ஆனால் முதலில் உதவியது காற்றோட்டமான தளமும் அம்மாவின் சுக்குப் பொடியும். "அதோ, வானமும் கடலும் ஒட்டற கோட்டைப் பார்த்துக்கிட்டே இரு கண்ணு" என்று பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கோடு அசையாது. அதையே பார்த்தால் கண்ணும் காதும் சமாதானமாகும். அம்மாவுக்கு இந்த விஞ்ஞானம் தெரியாது. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறிப் பழகியவர்.

அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தண்ணீரிலிருந்து வெள்ளியாக எதுவோ எழும்பி, சிறிது தூரம் தாழப் பறந்து, மறுபடி தண்ணீருக்குள் விழுந்தது. "பாட்டி, குருவி தண்ணில விழுந்திடுச்சு!" பறக்கும் மீன்கள். குமட்டல் மறந்துபோனது.

மறுநாள் காலை கல்பேனி. தீவைச் சுற்றிப் பவளப் பாறை வேலி போட்டிருக்கிறது. வேலிக்கு உள்ளே ஆழமில்லாத காயல். பெரிய கப்பல் உள்ளே நுழைய முடியாது. ஆகவேதான் ஆரம்பத்தில் சொன்ன அந்தப் படகு மாற்றம். வேலியைத் தாண்டியதும் கறுப்பு நீர் பச்சையாகி, பச்சை வெளிறி, கடைசியில் கண்ணாடித் தம்ளரில் ஊற்றிய தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. குழந்தைக்கு இதைவிடப் பாதுகாப்பான கடல் கிடைக்காது. முழங்காலளவு தண்ணீர், அலை இல்லை. முழுக்கைச் சட்டையும் தொப்பியும் ரப்பர் செருப்பும் போட்டு இறக்கிவிட்டோம். பவளக் கல் காலைக் கிழித்துவிடும், செருப்பு அவசியம்.

பிற்பகலில் தீவின் கிழக்குக் கரைக்குப் போனோம். 1847இல் வந்த பெரும்புயல் கடலுக்குள் இருந்த பவளத் துண்டுகளை வாரிக் கொண்டுவந்து கரை நெடுகக் குவித்துவிட்டுப் போயிருக்கிறது. காலிஃபிளவர் மாதிரி, மான்கொம்பு மாதிரி, மூளை மாதிரி. குழந்தை தன் மணல் வாளியை நிரப்பிக்கொண்டாள். வழிகாட்டியாக வந்த தீவு இளைஞர் அதைப் பார்த்துவிட்டு அவள் அருகே குந்தி உட்கார்ந்தார்.

"எடுக்கக் கூடாது மோளே. இது கல் இல்ல. இதுதான் தீவு" என்றார் தமிழும் மலையாளமும் கலந்து.

சட்டமும் அவர் பக்கம்தான். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடினப் பவளங்கள் 2001இல் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. செத்து ஒதுங்கியதாக இருந்தாலும் எடுத்துப் போவது குற்றம்.

நாலரை வயதுக்குச் சட்டம் தெரியாது. வாளியைக் கவிழ்க்கச் சொன்னதும் கரையே அதிரும்படி ஓர் அழுகை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். படகுக்கு நேரமாகிவிட்டது. நான் குனிந்து அவள் காதில், "அழாதே. ஒண்ணே ஒண்ணு அப்பா பையில போட்டுக்கறேன். யார்கிட்டயும் சொல்லாதே" என்றேன். எலுமிச்சை அளவில் ஒரு வெள்ளைத் துண்டு கேமரா பைக்குள் போனது. அழுகை நின்றது. மனைவி பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அன்று மாலை கப்பலில் மகளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். ஏழு வயதிருக்கும். கண் சிகிச்சைக்காக அம்மாவோடு கொச்சிக்குப் போய்விட்டு, கவரத்தியில் உள்ள வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். தீவுகளில் பெரிய சிகிச்சை என்றால் கொச்சிக்குத்தான் போக வேண்டும். கப்பலில் எத்தனையாவது தடவை என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். எங்கள் வீட்டுப் பிள்ளையிடம் எத்தனை தடவை ஆட்டோவில் போயிருக்கிறாய் என்று கேட்ட மாதிரி இருந்திருக்கும்.

கடல், மீன், கப்பல் எதிலும் அவளுக்குச் சுவாரசியம் இல்லை. அவள் விசாரித்தது ரயிலை. எர்ணாகுளத்தில் மேம்பாலத்திலிருந்து பார்த்திருக்கிறாள், ஏறியதில்லை. உள்ளே தூங்கலாமா? தூங்கும்போதும் ஓடுமா? குமட்டுமா? இரண்டு இரவுகளுக்கு முன்தான் ஐலண்ட் எக்ஸ்பிரஸின் மேல் படுக்கையில் தூங்கிய என் மகள் திடீரென்று உலகம் சுற்றியவள் ஆனாள். ஒருத்தி தமிழில், மற்றவள் மலையாளத்தில். நோட்டில் ரயில் படம் வரையப்பட்டது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பக்கம், மொத்தம் ஆறு பக்கம். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை இருவரும் தளத்தில் தவழ்ந்து அந்த ரயிலை ஒட்டவைத்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் கிளப்பிலும் இதற்குத் தனியாக ஆள் வைத்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பேச்சின் நடுவேதான் என் மகள் ரகசியத்தை உடைத்தாள். "எங்கப்பா பையில கல்பேனிக் கல்லு இருக்கே!" அந்தச் சிறுமி என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை, கேட்கவில்லை. பார்த்துவிட்டு ரயிலுக்குத் திரும்பிவிட்டாள். அவள் அம்மா புன்னகையோடு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அறைக்குப் போனால் தேவலை என்று தோன்றியது.

மூன்றாம் நாள் மினிக்காய். மற்ற தீவுகளில் மலையாளம், இங்கே மஹல். மாலத்தீவு மொழியின் உறவு. எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் குழந்தையின் பெயரைக் கேட்டு விரலால் மணலில் எழுதிக் காட்டினார். அப்போதுதான் 'அ' எழுதக் கற்றிருந்தவள் பதறி, "தாத்தா தப்பான பக்கத்துலேர்ந்து எழுதறாரு" என்றாள். அவர் சிரித்து மறுபடி எழுதினார். பிறகு நெடுநேரம் அவள் தன் பெயரைப் பின்னாலிருந்து எழுதிப் பார்த்தாள்.

மினிக்காய் ஆண்கள் உலகெங்கும் சரக்குக் கப்பல்களில் வேலை பார்ப்பவர்கள். ஊரில் இருப்பவர்களுக்குச் சூரை மீன் பிடிப்பு. வலை கிடையாது, தூண்டில் கழிதான். சிறு மீன்களை உயிரோடு கடலில் தூவிச் சூரைக் கூட்டத்தை வரவழைத்து, ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுவார்கள். அந்த மீனை வேகவைத்து, புகையூட்டி, காயவைத்தால் மாசி. நம் தென்கரைச் சமையலறைகளுக்கும் இலங்கைக்கும் நன்றாகத் தெரிந்த அதே மாசிக் கருவாடு. மீன் வாசனையே ஆகாத என் அம்மா, செய்முறையை மட்டும் சிரத்தையாகக் கேட்டுக்கொண்டார்.

1885இல் பிரிட்டிஷார் கட்டிய கலங்கரை விளக்கம் இங்கே இருக்கிறது. சுழல் படிகளை எண்ணிக்கொண்டே ஏறுவது என்று மகள் தீர்மானித்தாள். அவளுக்கு முப்பது வரைதான் எண்ணத் தெரியும். முப்பது வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. எத்தனை முப்பது என்று நான் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பாதியில், "அப்பா தூக்கு" என்றாள். கணக்கு போய்விட்டது. உச்சியில் ஒரு பக்கம் பச்சைக் காயல், மறுபக்கம் கருநீலக் கடல், நடுவில் தென்னை மரங்களின் மெல்லிய கோடு. லட்சத்தீவின் 36 தீவுகளையும் சேர்த்தால் நிலம் சுமார் 32 சதுர கி.மீ.தான். மேலிருந்து பார்க்கும்போது அந்தக் கோடு எவ்வளவு மெல்லியது என்பது புரிந்தது.

நான்காம் நாள் கவரத்தி. முன்மாலையே விடைபெற்றிருந்த சிநேகிதி, ஆறு பக்க ரயிலைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முந்திய படகில் இறங்கினாள். படகு மாறியபோது எவர் கையையும் அவள் பிடிக்கவில்லை. குதித்தாள்.

கவரத்தியின் காயலில் அடிப்பகுதியில் கண்ணாடி பதித்த படகு இருக்கிறது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கடல் வேடிக்கை கிடையாது. முகமூடி வேண்டாம், நீச்சல் வேண்டாம். குப்புறப் படுத்துப் பார்த்தால் போதும். கல்பேனியில் வெள்ளை எலும்பாகக் கிடந்தது இங்கே பழுப்பும் ஊதாவும் மஞ்சளுமாக உயிரோடு இருந்தது. ஒவ்வொரு பவளமும் ஆயிரக்கணக்கான குட்டிப் பிராணிகள் கூடிக் கட்டிய வீடு. அவை சுண்ணாம்பு சுரந்து கட்டுகின்றன. கட்டிவிட்டுச் சாகின்றன, அதன்மேல் அடுத்தது கட்டுகிறது. தீவு என்பது இப்படி உயர்ந்ததன் மேல் ஒதுங்கிய மணல். கல்பேனி இளைஞர் சொன்னது உவமை அல்ல, தகவல்.

படகுக்காரர் கிளி மீன் ஒன்றைக் காட்டினார். கிளி மூக்குபோல வாய். அது பவளப் பாறையை நறநறவென்று கடித்துத் தின்னும். பாசியை மட்டும் செரித்துக்கொண்டு, அரைத்த பாறையைப் பின்னால் வெளியேற்றும். வெள்ளை வெளேரென்ற தீவு மணலில் கணிசமான பங்கு இப்படி வந்தது.

"அப்போ மணல் எல்லாம் மீனோட ஆயியா?"

ஆமாம் என்றார் படகுக்காரர். அந்தப் பயணத்தின் உச்சகட்டம் அதுதான் என்பதில் இன்றுவரை எங்கள் வீட்டில் கருத்து வேறுபாடில்லை.

மதியம் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தைப் பார்த்தோம். சென்னையைச் சேர்ந்த தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் அமைத்தது. நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர். காற்றழுத்தத்தைக் குறைத்தால் மேற்பரப்புக் கடல்நீரின் சாதாரணச் சூட்டிலேயே ஆவி கிளம்பும். சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாயில் ஏற்றிய குளிர்ந்த நீரால் அந்த ஆவியைத் தண்ணீராக்குகிறார்கள். குழந்தைக்கு நான் விளக்கியது: வெந்நீர்ப் பாத்திரத்தின் மூடியில் முத்து முத்தாக நிற்குமே, அது. "உப்பு எங்க போச்சு?" என்றாள். "கடல்லயே தங்கிடுச்சு" என்றார் பாட்டி. என்னால் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

கப்பலுக்குத் திரும்பும் நேரம். கரையில் மணலைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்: "அப்பா, அந்தக் கல்லு நாம திருடினதா?"

"ஆமா" என்றேன். வேறு எந்தப் பதிலும் அவளிடம் செல்லாது என்று தெரிந்தது. ஏழு சங்கொலியை மறக்காதவள், "யார்கிட்டயும் சொல்லாதே" என்றதையும் மறக்க மாட்டாள். ஐந்து நாட்களும் நாங்கள் அவளுக்கு என்னென்னவோ காட்டிக்கொண்டிருந்தோம். அவள் பெரும்பாலும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வீட்டில் நமக்கு அலுவலகமும் சமையலும் மறைவிடம். கப்பலில் ஒளிய இடமில்லை.

கேமரா பையிலிருந்து வெள்ளைத் துண்டை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் முழங்காலளவு தண்ணீரில் நடந்துபோய் அதைப் போட்டாள். கல்பேனியில் எடுத்ததைக் கவரத்தியில் போட்டதற்கு எந்த விஞ்ஞானியும் பாராட்டமாட்டார். அவளுக்கும் மனம் ஆறவில்லை. படகில் ஏறும்வரை முறைத்துக்கொண்டே வந்தாள். ஆனால் படகிலிருந்து கப்பலுக்கு மாறும்போது கையை நீட்டி, மூன்றாவது அலைக்குக் காத்திருந்தாள்.

ஐந்தாம் நாள் காலை கொச்சி. கரையில் கால்வைத்ததும் தரை ஆடியது. "பூமி ஆடுது" என்று அவள் நடந்த நடையைப் பார்த்துத் துறைமுகக் காவலர் சிரித்தார்.

குழந்தையோடு கப்பல் ஏற நினைப்பவர்களுக்கு எங்கள் அனுபவத்தில் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். லட்சத்தீவு என்றால் கடல் அமைதியாக இருக்கும் டிசம்பர் முதல் மார்ச் வரை போங்கள். மழைக்காலத்தில் வேண்டாம். 2024 ஜனவரியில் பிரதமர் மோடி அங்கே போன படங்கள் வெளிவந்த பிறகு ஆவல் பெருகியிருக்கிறது. கப்பல், அனுமதி, கட்டணம் ஆகியவற்றைக் கிளம்பும் முன் நிர்வாகத்தின் சுற்றுலாப் பிரிவிடமே விசாரித்துவிடுங்கள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கிடைத்தால் ஆட்டம் குறைவு. பொம்மைகளை வீட்டில் விடுங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். அட்டவணை போடாதீர்கள். முடிந்தால் ஒரு பாட்டியை அழைத்துச் செல்லுங்கள்.

நேரத்தையும் தள்ளிப் போடாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கடல்நீர் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி சூடாகிச் சில வாரங்கள் நீடித்தால், பவளப் பிராணி தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றிவிடும். நிறமும் உணவும் தந்தது அந்தப் பாசிதான். பிறகு மிஞ்சுவது வெள்ளை எலும்பு. லட்சத்தீவில் இது 1998, 2010, 2016 ஆண்டுகளில் பெரிதாக நடந்தது. 2023 அக்டோபரிலிருந்து நீடித்த வெப்ப அலையில் மறுபடி ஏராளமான பவளங்கள் வெளுத்துவிட்டதாகக் கொச்சியில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 2024இல் தெரிவித்தது.

பத்திரிகையில் வந்த அந்தப் படத்தை மகளிடம் காட்டினேன். அப்போது அவளுக்கு ஒன்பது வயது முடிந்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாம எடுத்த கல்லும் இப்படித்தான் வெள்ளையா இருந்துச்சு" என்றாள். பிறகு, "கிளி மீன் இனிமே எதைச் சாப்பிடும்?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. அலமாரியிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்துவந்தாள். ஆறு பக்கங்கள் கிழிக்கப்பட்டிருந்தன. அவை கவரத்தியில் யார் வீட்டிலோ இருக்கின்றன. மிச்சமிருந்த பக்கங்களில் பறக்கும் மீனும் கலங்கரை விளக்கமும் இருந்தன. முதல் பக்கத்தில் ஒரு கப்பல். அதற்கு எட்டு டயர்கள்.